எக்ஸ்ரே கூடத்தில் ஓர் உத்தியோகம்

பிளஸ் டூ தேறிய பிள்ளைகளை மேற்கொண்டு எதில் சேர்ப்பது என்ற யோசனை நம் அங்கத்தினர் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுவதே. டாக்டர் படிப்பில் இடம் கிடைப்பது அரிது. ஆயினும், மருத்துவமனையில் டாக்டரையும் நர்ஸையும் தவிர வேறு உத்தியோகம் இல்லையென்று எண்ணுதல் சரியன்று. எக்ஸ்ரே, ஸ்கேன் கருவிகளை இயக்கும் ரேடியோகிராபர் பணியைப் பற்றி இங்குச் சிறிது கூற விரும்புகிறோம்.

ஜெர்மானிய விஞ்ஞானி ரோண்ட்கன் 1895 நவம்பரில் இக்கதிரைக் கண்டறிந்தார். அதற்குக் காப்புரிமை பெற்றுப் பொருள் ஈட்ட அவர் முனையவில்லை. சென்னையிலே பார்னார்டு கதிரியக்க நிலையம் 1934-இல் தோன்றியது.

பொத்தானை அமுக்குவதே வேலை என்பர் சிலர். அஃது அறியாதார் கூற்று. எலும்பின் வெடிப்பு ஒரு பக்கத்துப் படத்தில் மறைந்து போகலாம். எனவே முன்புறமாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுத்தல் வேண்டும். வலியால் துடிப்பவரை நோகாமல் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இடம் வலம் குறிக்கத் தவறலாகாது. பெண்களிடம் கர்ப்பமுற்றிருக்கிறார்களா என்று முன்னதாகவே கேட்டறிய வேண்டும். பாவில் ஓர் இழை பிசகினால் முழம் முழமாகத் துணி கெடும் என்பதை நம் நெசவாளர் அறிவர். இங்கோ படம் பிசகினால் மறுபடி எடுக்க நேரும். நோயாளியின் உடம்பில் மறுபடியும் கதிர் பாயும். ஆதலின் பொறுமையற்றவருக்கு இத்தொழில் ஏற்றதன்று. படத்தைப் பார்த்து நோயை நிர்ணயித்து எழுதுவது டாக்டரின் பொறுப்பு என்பதையும் மறத்தல் கூடாது.

"கதிர் உடம்பைக் கெடுக்காதோ? பெண் பிள்ளைக்கு இது ஆகுமா?" என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. எக்ஸ்ரே கருவியை நிறுத்திய கணமே கதிரும் நின்றுவிடும்; அறையில் எதுவும் தங்குவதில்லை. தூரம் இரு மடங்கானால் கதிரின் வலிமை நாலில் ஒன்றாகக் குறையும். இவற்றோடு ஈயத் தடுப்பும் ஈய அங்கியும் காவலாகின்றன. ஏற்ற கதிரை அளக்கும் சிறு பட்டையை ஊழியர் மார்பில் அணிவர். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30 என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்த வரம்பு. கர்ப்பமுற்ற ஊழியர் உடனே தெரிவித்தால் தக்க பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இக்கதிரே இல்லை; ஆனால் அதன் காந்தம் ஓயாது இழுத்துக்கொண்டே இருக்கும். இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டரை அருகே கொண்டுசென்றால் உயிர்ச்சேதமே விளையலாம்.

பிளஸ் டூவில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் பயின்றவர்கள் பி.எஸ்ஸி. பட்டப் படிப்பில் சேரலாம். பயிற்சிக் காலம் உட்பட நான்காண்டு. டிப்ளமா அதனினும் குறுகிய காலத்தது.

இனி நாம் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. ஓர் அறையையும் பெயர்ப் பலகையையும் காட்டிக் கட்டணம் வாங்கும் நிலையங்களும் நாட்டில் உள. நகையை அடகு வைத்துப் பெற்ற சான்றிதழ் வேலைக்கு உதவாமற் போனால், இழந்த பணத்தை எவரிடம் கேட்பது? எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பு அங்கீகரித்துள்ளது என்பதை எழுத்தில் கேளுங்கள். துணை மருத்துவத் தொழில்களுக்கென 2021-இல் மத்திய சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருக்கிறது. அதன்படி பதிவு பெற அப்படிப்பு தகுதியுடையதா என்றும் விசாரியுங்கள். பயிற்சி தரும் மருத்துவமனைக்கு நேரிற்சென்று, அங்குப் பணிபுரியும் ரேடியோகிராபர் ஒருவரைக் கண்டு, கருவிகள் எத்தனை, இரவு முறை எத்தனை, தொடக்கச் சம்பளம் யாது என்று கேட்டறிந்த பின்னரே பணத்தைக் கட்டுங்கள்.