பிழைத்தால் போதும் என்ற காலம்

1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தலசீமியா என்ற ரத்த நோயுள்ள குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று நடந்தபோது, பெற்றோர் மனதில் இருந்திருக்கக்கூடியது ஒரே கேள்விதான்: பிள்ளை பிழைக்குமா? மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த வீட்டில் வேறெந்தக் கேள்விக்கும் இடமில்லை. பிழைத்தால் போதும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பிழைப்புக்கு ஒரு விலை இருந்தது. புது மஜ்ஜை வேர் பிடிக்கப் பழையதை அழித்தாக வேண்டும். அதற்குக் கொடுத்த புசல்ஃபான், சைக்ளோபாஸ்பமைடு மருந்துகளும், சில நோய்களுக்கு உடல் முழுக்கப் பாய்ச்சிய கதிர்வீச்சும் மஜ்ஜையோடு நிற்கவில்லை. பெண் குழந்தை பிறக்கும்போதே தனக்கான கருமுட்டைகளோடு பிறக்கிறாள். இந்தச் சிகிச்சையில் அழிந்தவை திரும்ப ஊறுவதில்லை. பதினைந்து வயதாகியும் மகள் வயதுக்கு வரவில்லையே என்று தாய் தவிக்கும்போதுதான் நடந்தது விளங்கும்.

பையன்களின் கதை இன்னும் மறைவானது. டெஸ்டோஸ்டீரோன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் உறுதியானவை. விந்தணுவை உருவாக்கும் செல்கள் அப்படியல்ல. குரல் உடையும், மீசை அரும்பும், யாருக்கும் சந்தேகம் வராது. கல்யாணமாகிச் சில வருடம் கழித்துத் தெரியவரும். அதற்குள் மருமகளைக் கோயில் கோயிலாக அலைக்கழித்திருப்பார்கள். அவளை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பொறுப்பதில்லை.

இன்று, மருந்தைத் தொடங்கும் முன்பே இதைப் பேச முடிகிறது. துபாயில் பிறந்த தலசீமியா சிறுமி ஒருத்திக்கு 2001இல், ஒன்பது வயதில், மஜ்ஜை மாற்றுக்கு முன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு சினைப்பையை எடுத்து உறைய வைத்தார்கள். 2015இல் டென்மார்க்கில் அதன் துண்டுகளை அவள் உடலில் திரும்பப் பதித்தார்கள். நின்றிருந்த ஹார்மோன் மீண்டும் சுரந்தது, மாதவிடாய் வந்தது. 2016 டிசம்பரில் லண்டனில் ஆண் குழந்தை பெற்றாள். ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு எளிதல்ல. உறைய வைத்த திசுவிலேயே புற்றுச் செல் ஒளிந்திருக்கலாம். பருவத்துக்கு வராத பையன்களின் விரைத் திசுவைச் சேமிப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. பருவம் எட்டியவன் என்றால் விந்தைச் சேமித்துவிடலாம்.

குழந்தைப்பேறு மட்டுமா? சினைப்பை ஓய்ந்த சிறுமிக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஈஸ்ட்ரோஜனைத் துளியளவில் தொடங்கி, இரண்டு மூன்று வருடத்தில் மெல்ல ஏற்றுகிறார்கள். மாதவிடாய்க்காக மட்டுமல்ல, கருப்பை வளரவும், எலும்பு உறுதிப்படவும் அது வேண்டும். வருடந்தோறும் தைராய்டையும் உயரத்தையும் பார்க்கிறார்கள்.

அன்று பிழைத்த பிள்ளைகளில் பலருக்கு இன்று முப்பது, நாற்பது வயது. ரத்தம் சரியானதும் மருத்துவமனைப் பக்கமே வராமல் போனவர்கள் உண்டு. அவர்களுடைய பழைய கோப்பு பரணில் இருந்தால் தூசி தட்டி எடுக்க வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, கதிர்வீச்சு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஹார்மோன் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.