ஓடும்போது இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கலாம்?

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டால் வெருகல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீதியும் ஓடுதளம்தான். மரதன் பயிற்சி முடித்து நிற்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கும். ‘இந்த அடி அடிக்கிறதே, ஆபத்தில்லையா?’ என்று பயம் வரும். பயப்படுவதற்கு முன் துடிப்பை எண்ணிப் பாருங்கள்.

உள்ளங்கை மேலே தெரியும்படி இடது கையை நீட்டுங்கள். பெருவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்து மெல்ல அழுத்துங்கள். பெருவிரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்குக் குழம்பிவிடும். 15 செக்கன் எண்ணி, வந்ததை 4ஆல் பெருக்குங்கள். சும்மா இருக்கும்போது உங்கள் வயதில் நிமிடத்துக்கு 70 முதல் 100 வரை இருக்கும்.

ஓடும்போது? 220இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்ச வேகம் கிடைக்கும் என்று பலரும் சொல்வார்கள். பெரியவர்களுக்கே அது குத்துமதிப்புத்தான். பிள்ளைகளுக்குச் சற்றுக் கூட்டியே காட்டும். 2001இல் வெளிவந்த இன்னொரு கணக்கு உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும்: வயதை 0.7ஆல் பெருக்கி, 208இலிருந்து கழியுங்கள். 12 வயதென்றால் ஏறத்தாழ 200. அதில் பாதி முதல் 70 சதவீதம் வரை, அதாவது 100 முதல் 140 வரை, நடுத்தரப் பயிற்சி. 140 முதல் 170 வரை கடும் பயிற்சி. கடைசி நூறு மீற்றரில் முழு வேகத்தில் பாயும்போது 190ஐயும் தாண்டலாம். நலமான இதயம் அதைத் தாங்கும். அந்த வேகத்தில் நெடுநேரம் ஓடக் கால்களே விடாது.

எண்ண நேரமில்லையா? கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் வெருகல் முருகன் கோயிலில் தங்கிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் போலப் பாடிக்கொண்டே நடக்க முடிந்தால் அது இலேசான வேகம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தரம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் மூச்சு வராவிட்டால் கடும் வேகம்.

ஓடும் தசைகளுக்கு ஒட்சிசன் நிறைய வேண்டும். அதைக் கொண்டுபோவது இரத்தம். சும்மா இருக்கும் பெரியவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தம் அனுப்பும். கடுமையாக ஓடும்போது 20 லீற்றர்கூட அனுப்பும். உங்கள் இதயம் சிறியது. ஒரு துடிப்புக்கு அனுப்பும் இரத்தமும் குறைவு. அதனால்தான் அப்பாவுடையதைவிட அதிக தடவை துடிக்கிறது.

வெயில் ஏறினால் அதே வேகத்துக்கே துடிப்புக் கூடும். உடலைக் குளிரவைக்க இரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது. வியர்வையோடு இரத்தத்தின் நீரும் குறைகிறது. மிச்சமுள்ளதை வைத்து வேலையை முடிக்க இதயம் விரைகிறது. மணலும் இதயத்துக்கு வேலை கூட்டும்: உலர்ந்த கடல் மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். ஆகவே காலை வெயில் ஏறுமுன் ஓடுங்கள், தண்ணீர்ப் போத்தலைக் கூடவே வைத்திருங்கள், முதல் 10 நிமிடம் மெதுவோட்டமாக இருக்கட்டும்.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இப்படி நடப்பது மிக அரிது. ஆனாலும் சில அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நெஞ்சு நோ, தலைச்சுற்று, கண் இருட்டுதல், தாறுமாறான துடிப்பு, ஓட்டத்துக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல்: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நின்று, நிழலுக்குப் போய், ஆசிரியரிடம் சொல்லுங்கள். இல்லத்துக்குப் புள்ளி போய்விடுமே என்று மறைக்க வேண்டாம். காய்ச்சல் நாளில் ஓடவே கூடாது. சில வைரசுகள் இதயத் தசையையும் தாக்கும். முன்பு ஓடும்போது மயங்கி விழுந்தவர்களும், இளவயதில் திடீரென இறந்த உறவினர் உள்ளவர்களும் வைத்தியரைப் பார்த்த பிறகே போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் பொத்தென்று உட்காராதீர்கள். ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி, தலை கிறுகிறுக்கும். சில நிமிடம் நடங்கள்.

செய்து பாருங்கள்: ஓடுமுன், ஓடி முடித்தவுடன், அதிலிருந்து ஒரு நிமிடம் கழித்து என மூன்று எண்களைக் கொப்பியில் எழுதுங்கள். சில வாரப் பயிற்சிக்குப் பின் இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் உள்ள இடைவெளி முன்பைவிடக் கூடினால் இதயம் பலப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பக்கத்தில் ஓடுபவரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். ஆளுக்கு ஆள் அது மாறும். போன வாரத்து உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள்.