எழுதி வாங்கினால் மட்டும் கல்யாணம் நிற்காது

அடிப்படை உரிமைகள் எத்தனை என்று கேட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். தேர்வில் வருகிற கேள்வி அது. ஆனால் பக்கத்து பெஞ்சுத் தோழி பத்து நாளாக வகுப்புக்கு வரவில்லை, "மாமா பையனுக்குப் பேசி முடிச்சிட்டாங்களாம்" என்று பேச்சு அடிபடுகிறது. இப்போது யாரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று அதே பிள்ளைகளைக் கேட்டால் பதில் வராது. பல நேரங்களில் ஆசிரியருக்கும் தெரிவதில்லை. "அது அவங்க வீட்டு விஷயம்" என்று வருகைப் பதிவேட்டை மூடிவிடுகிறார்.

அது வீட்டு விஷயம் அல்ல. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடியாமல் நடக்கும் திருமணம் 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். நடத்தி வைப்பவருக்கும், அனுமதிக்கும் பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தன்னைப் பாதிக்கும் எந்த முடிவிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்ற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 1992இல். அந்த உரிமை இன்னும் பல வீடுகளின் வாசற்படியைத் தாண்டவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மலைக் கிராமங்களானாலும் நகரத்துக் குடியிருப்புகளானாலும், தவறு ஒரே மாதிரிதான் நடக்கிறது. யாரோ தகவல் கொடுக்கிறார்கள். காவலர்கள் வருகிறார்கள். "18 முடியும்வரை கல்யாணம் செய்ய மாட்டோம்" என்று ஒரு வெள்ளைத்தாளில் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த முகூர்த்தத்தில், வேறு ஊர்க் கோயிலில், பத்திரிகை அடிக்காமல், பத்துப் பேர் முன்னால் தாலி ஏறிவிடுகிறது. அந்தத் தாள் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. இது தெரிந்தும் அதே தாளை நீட்டுகிற அதிகாரிகளின் மெத்தனத்தை என்னவென்று சொல்வது?

கட்டுப்படுத்துவது நீதிமன்றத் தடையாணை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரோ, விவரம் நேரடியாகத் தெரிந்த வேறு யாருமோ குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். தடையாணைக்குப் பிறகும் தாலி கட்டினால் அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. தமிழ்நாட்டில் அந்தத் தடுப்பு அலுவலர் வேறு யாருமல்ல, மாவட்ட சமூக நல அலுவலர்தான். "எழுதி வாங்கியாச்சு" என்று அவர் சொன்னால், "தடையாணைக்கு மனுப் போட்டீர்களா?" என்று கேட்க வேண்டும். பள்ளி மாணவியும் கேட்கலாம்.

முதல் படி குழந்தைகள் உதவி எண் 1098. இலவச அழைப்பு, இரவு பகல் எந்நேரமும் உண்டு. அழைப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் பதற்றத்தில் "எங்க கிளாஸ் பொண்ணுக்குக் கல்யாணம்ங்க, வந்து நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டால் வீடு தேடுவதிலேயே முகூர்த்த நேரம் போய்விடும். பெண்ணின் பெயர், படிக்கும் வகுப்பு, பள்ளி, அப்பா பெயர், தெரு, பக்கத்தில் அடையாளமாக என்ன இருக்கிறது, கல்யாணத் தேதி, மண்டபமா கோயிலா என்பதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேச வேண்டும். முகூர்த்தம் காலை ஐந்து மணிக்கு என்றால் அதையும் சொல்ல வேண்டும். விடிந்த பிறகு வரும் வண்டியால் பயனில்லை. இந்த அழைப்பை வகுப்பறையில் இருவர் இருவராகப் பேசிப் பழக்கினால், மனித உரிமைப் பாடம் என்று அதையே சொல்லலாம்.

வயதுச் சான்றில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆதார் அட்டையைக் காட்டி "பொண்ணுக்கு 18 முடிஞ்சிடுச்சு" என்பார்கள். ஆதார் போதாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு முதலில் கேட்பது பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று; அது இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று; இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலுள்ள பிறந்த தேதியைத் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

திருமண ஆபத்திலுள்ள பிள்ளை, அதே சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. மீட்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தப்பட வேண்டும். பெண் தானே நேராகப் போய் அந்தக் குழு முன் நிற்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கே "வீட்டுக்குப் போகிறேன்" என்று பயத்தில் தலையாட்டிவிடாமல், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். பெரியப்பா, சித்தப்பா எல்லாம் சுற்றி நிற்கையில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

தாலி ஏறிவிட்டாலும் எல்லாம் முடிந்துபோகவில்லை. திருமணத்தை ரத்து செய்யக் கேட்டுப் பெண் 20 வயது முடிவதற்குள் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். ஜீவனாம்சம் உண்டு. குழந்தை பிறந்திருந்தாலும் அதன் சட்ட உரிமைக்குக் குறைவில்லை. இந்தக் கால வரம்பு தெரியாமல் காத்திருந்து வாய்ப்பை இழக்கக் கூடாது. 18க்குக் குறைந்த மனைவியோடு கணவன் உறவு கொள்வதும் குற்றமே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையன்களுக்கும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 17 வயதுப் பெண் விருப்பப்பட்டு வந்தாலும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் முன் அந்த விருப்பம் செல்லாது. காதலித்துக் கிளம்பிப் போகிற பையன்கள் இது தெரியாமல்தான் வழக்கில் சிக்குகிறார்கள்.

பெற்றோரிடம் சட்டத்தை மட்டும் காட்டினால் கோபம்தான் வரும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செலவுக்குப் பயந்து படிப்பை நிறுத்தும் வீட்டில் அந்தக் கணக்கு எடுபடும்.

ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் குழந்தைகளின் பிரதிநிதிகள் இருவருக்கு இடம் உண்டு. உங்கள் ஊரில் அந்த இருவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்று கிராம சபையில் கேளுங்கள். 1098இல் சொல்லியும் யாரும் வரவில்லையென்றால், அழைத்த தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். பதிவு எண் உள்ள ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அதன் நகலை வைத்து, சென்னையிலுள்ள குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஒரு புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.