சல்பேட் இல்லாத சரக்கு கேட்கிறார்கள்: கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

"அண்ணாச்சி, சல்பேட் இல்லாத ஷாம்பு இருக்கிறதா?" என்ற கேள்வி இப்போது சிற்றூர்க் கடைகளிலும் கேட்கத் தொடங்கிவிட்டது. "அதெல்லாம் டவுனில் பெரிய கடையில்தான் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிற நம் வணிகர் பலருடைய கடையிலேயே, பின்வரிசையில் சிகைக்காய் மூட்டை சாய்ந்து கிடக்கிறது. கேட்டு வருகிறவருக்கு வேண்டியது அதுதான் என்று இருவருக்குமே தோன்றுவதில்லை.

ஒரு தலைமுறைக்கு முன் இந்த நிலை இல்லை. எண்ணெய்க் குளியலுக்குச் சிகைக்காயோ அரப்போ வாங்காத வீடு குறைவு. 1983ல் கடலூரில் சிறுதொழிலாகத் தொடங்கிய சிக் ஷாம்பு போன்ற சரக்குகள் சிறு பாக்கெட்டில் வந்த பிறகு, சிகைக்காய்க்கு இருந்த இடம் படிப்படியாகச் சுருங்கியது. இப்போது அந்த வியாபாரம் மெல்லத் திரும்பி வருகிறது. ஆனால் சரக்கு அறிந்து வாங்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு விட்டுப்போய்விட்டது. அதனால் வரும் நட்டத்தை நானே பட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சந்தை விலையைவிடக் குறைத்துச் சிகைக்காய்த் தூள் கொண்டுவந்து கொடுத்தார். நிறம் சரியாக இருந்தது, வாசனையும் இருந்தது. பில் இல்லை. நானும் கேட்கவில்லை. மறுவாரம், எங்கள் கடையில் பதினைந்து வருடமாகச் சாமான் வாங்கும் அம்மா ஒருவர் பொட்டலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். "தம்பி, இது பொங்குகிற பொங்கலைப் பார்த்தால் துணி சோப்பு மாதிரி இருக்கிறது. பெண்ணுக்குத் தலையெல்லாம் அரிப்பு" என்றார். டம்ளரில் கலக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி; சலவைத் தூள் கலந்த சரக்கு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மீதியைக் கொட்டினேன். ஆனால் அந்த அம்மாவின் மாதச் சிட்டை இன்று வேறு கடையில் இருக்கிறது. கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் பார்த்ததற்கு நான் கொடுத்த விலை அது.

சல்பேட் என்பது என்ன?

ஷாம்புவிலும் திரவ சோப்பிலும் நுரைக்காகச் சேர்க்கப்படும் பொருட்களில் சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரெத் சல்பேட் இரண்டும் முக்கியமானவை. விலை மலிவு, நுரை அதிகம், அழுக்கை வேகமாக எடுக்கும். தோலுக்கு இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசையையும் சேர்த்து எடுத்துவிடுவதால் சிலருக்கு வறட்சியும் எரிச்சலும் வருகின்றன. தோல் எரிச்சலை அளக்கும் ஆய்வுகளில் அளவுகோலாகவே லாரில் சல்பேட்டைப் பயன்படுத்துகிறார்கள். லாரெத் சல்பேட் அதைவிடச் சற்று மென்மையானது.

ஆனால் இதனால் புற்றுநோய் வரும் என்று பரவும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் அழகுசாதன மூலப்பொருள் ஆய்வுக்குழு 1983லேயே லாரில் சல்பேட்டை ஆராய்ந்தது. தேய்த்து உடனே கழுவிவிடும் பொருட்களில் இதனால் தீங்கில்லை என்றும், தோலில் தங்கியிருக்கும் பொருட்களில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் கூறியது. ஆகவே நம் சரக்கை விற்பதற்காக வாடிக்கையாளரைப் பயமுறுத்த வேண்டியதில்லை. "தோல் வறளுகிறது என்றால் இதைப் பயன்படுத்திப் பாருங்கள்" என்று சொன்னால் போதும்.

நம் கைவசம் உள்ள சரக்கு

சிகைக்காய், பூந்திக்கொட்டை இரண்டிலும் நுரை தருவது சப்போனின் என்ற இயற்கைப் பொருள். சிகைக்காய் மலைக்காடுகளில் படரும் முட்கொடியின் காய். பூந்திக்கொட்டை மரத்தில் காய்ப்பது. பட்டுத்துணி அலசவும் நகைகளைத் துலக்கவும் நெடுங்காலமாகப் பயன்படுவது. அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த தூள். பயத்தம் மாவும் கடலை மாவும் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு போகும். நுரை எதிர்பார்க்க முடியாது.

சிகைக்காயும் பூந்திக்கொட்டையும் பனி குறைந்து கோடை தொடங்கும் மாதங்களில் வரத்தாகின்றன. புதுச்சரக்கு வரும்போது ஆறு மாதத் தேவையை வாங்கி வைப்பது நல்லது. கொல்லிமலை, கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை போன்ற பகுதிகளில் மலைவாழ் மக்கள் இவற்றைச் சேகரிக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையை அவர்களுக்கு அளித்துள்ளது. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து பழங்குடியினர் கூட்டுறவு சங்கங்களிடம் நேரில் கொள்முதல் செய்தால், சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். சேகரித்தவருக்கும் கூடுதல் விலை போய்ச் சேரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒன்று: கூடுமானவரை தூளாக வாங்காதீர்கள். காயாக வாங்குங்கள். தூளில் எதையும் கலக்கலாம்; காயில் கலப்பது கடினம்.

இரண்டு: சிகைக்காயை ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஈரச் சரக்கில் எடையும் நட்டம். பத்து நாளில் பூசணமும் பிடிக்கும். மூட்டையின் வாயில் உள்ளதை மட்டும் பார்க்காமல் அடியிலும் நடுவிலும் கைவிட்டு எடுத்துப் பாருங்கள்.

மூன்று: பூந்திக்கொட்டையில் நுரை தருவது மேல்தோல் மட்டுமே. உள்ளிருக்கும் கருப்பு விதைக்கு அந்தக் குணம் இல்லை. எடையோ பாதிக்குக் கிட்ட வரும். கணக்குக்காக, விதையுடன் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் தோல் 55 கிலோ தேறினால், தோலின் அடக்கம் கிலோவுக்கு ஏறக்குறைய 182 ரூபாய் ஆகிறது. உடைக்கும் கூலி வேறு. விதை நீக்கிய சரக்கு 175க்குக் கிடைத்தால் அதுதான் மலிவு. கிலோ விலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

நான்கு: தூள் வாங்கியே ஆகவேண்டும் என்றால் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைக் கலக்கி வையுங்கள். மண் கலந்திருந்தால் அடியில் நறநறவென்று தங்கும். பிறகு ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களில் சம அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றில் நீங்களே அரைத்த தூளையும் மற்றதில் விற்க வந்த தூளையும் சம அளவு போட்டுக் குலுக்குங்கள். நுரை மிகக் குறைவாக இருந்தால் மரத்தூளோ பழைய சரக்கோ சேர்ந்திருக்கலாம். அளவுக்கு மீறிப் பொங்கினால் சலவைத் தூளைச் சந்தேகியுங்கள். இந்த இரண்டு நிமிடச் சோதனையை அன்று நான் செய்திருந்தால் ஒரு வாடிக்கையை இழந்திருக்கமாட்டேன்.

ஐந்து: வாங்கிய சரக்கைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள் பக்கத்தில் வேண்டாம். உணவுப் பொருள் அள்ளும் கரண்டியால் பூந்திக்கொட்டைத் தூளை அள்ளவே கூடாது.

ஆலைச் சரக்கு

வீட்டிலேயே ஷாம்பு, குளியல் சோப்பு தயாரிக்கும் சிறுதொழில் செய்வோர் பெருகி வருகிறார்கள். இவர்கள் டெசைல் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு, சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் என்ற பெயர்களைச் சொல்லிக் கேட்பார்கள். குளுக்கோசைடுகள் தாவர எண்ணெயிலிருந்து பெறும் கொழுப்பு ஆல்கஹாலையும் குளுக்கோஸையும் சேர்த்துத் தயாராகின்றன. சல்பேட்டைவிட மென்மையானவை, விலையும் கூடுதல்.

மொத்த வியாபாரிகள் இவற்றை வாங்கினால் தொகுதி எண் உள்ள மூடிய கேனாக, பகுப்பாய்வுச் சான்றுடன் வாங்க வேண்டும். டெசைல் குளுக்கோசைடு நம் கைக்கு வரும்போது கடும் காரத்தன்மையுடன், 11க்கு மேற்பட்ட பி.எச். அளவில் இருக்கும். தயாரிப்பவர்கள் சிட்ரிக் அமிலம் சேர்த்து அதைக் குறைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். இது தெரியாமல், "மென்மையான சரக்கு" என்று சொல்லிச் சில்லறைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் வாங்கியவரின் கையும் கண்ணும் பாதிக்கப்படும். ஐசெதியோனேட் தூளை அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நல்லது.

லேபிளைப் படியுங்கள்

"தேங்காயிலிருந்து எடுக்கப்பட்டது" என்ற வாசகத்தை நம்பிவிடாதீர்கள். லாரில் சல்பேட்டையும் தேங்காய் எண்ணெயிலிருந்து தயாரிக்கலாம். "சல்பேட் இல்லை" என்று போட்டிருந்தாலும் மென்மையானது என்று பொருளல்ல. ஒலிஃபின் சல்ஃபோனேட் சேர்ந்த ஷாம்பு சல்பேட் இல்லாதது என்றாலும் தோலை நன்றாகவே வறட்டக்கூடியது. மூலப்பொருள் பட்டியலில் அதிக அளவுள்ளது முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்து வரும் இரண்டு மூன்று பெயர்களைப் பார்த்தாலே சரக்கின் தன்மை தெரிந்துவிடும். "சிகைக்காய் ஷாம்பு" என்று பெரிதாக எழுதிவிட்டு, சிகைக்காயின் தாவரப் பெயரான அகேசியா கன்சின்னாவைப் பட்டியலின் கடைசியில் போட்டிருப்பதையும் பார்க்கலாம்.

சட்டம் சொல்வது

சிகைக்காயைக் காயாக எடைபோட்டு விற்பது வேறு. அதை அரைத்து, பெயர் சூட்டி, கூந்தல் கழுவும் பொடி என்று பாக்கெட்டில் விற்பது வேறு. இரண்டாவது அழகுசாதனப் பொருள் தயாரிப்பாகக் கருதப்படும். 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் அதற்குப் பொருந்தும். தயாரிப்பு உரிமம் வேண்டும். வெளியாரிடம் பாக்கெட் வாங்கி விற்பவர்கள், அதில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய காலக்கெடு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்க வேண்டும். "முடி கொட்டுவது நிற்கும்", "வழுக்கையில் முடி வளரும்" என்று எழுதிய பாக்கெட்டுகளைத் தொடாமலிருப்பதே பாதுகாப்பு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான வழியில் இழுக்கும் விளம்பரங்களுக்குத் தண்டம் விதிக்க வழி செய்துள்ளது.

இயற்கைச் சரக்கு என்பதால் கவனம் வேண்டாம் என்பதில்லை. சிகைக்காயும் பூந்திக்கொட்டையும் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குழந்தைகளுக்கு வாங்குபவர்களிடம், "கண்ணில் படாமல் தேய்த்து விடுங்கள் அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த மாதமும் நம் கடைக்கு வருவார்கள்.

பெரிய கடைகளின் அலமாரியோடும் விளம்பரத்தோடும் நம்மால் போட்டியிட முடியாது. ஆனால் காயை ஒடித்துக் காட்டி, நேற்று அரைத்த தூளைக் கையில் கொடுத்து விற்க நம்மால் முடியும். கொள்முதலில் கவனமாக இருந்தால் இந்த வியாபாரம் நம் கையை விட்டுப் போகாது.