மச்சுக்கும் பரணுக்கும் ஏற்ற மரம் எது?

வீடு கட்டும் விவசாயிகள் பலர், மச்சுக்கும் பரணுக்கும் பலகை வாங்கும்போது, "கெட்டியான மரம் எது?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. தானிய மூட்டைகளை இழுத்துப் போடும் இடத்தில் மிருதுவான பலகை இருந்தால் விரைவில் பள்ளம் விழும். ஆனால், கெட்டித்தன்மையை மட்டும் பார்த்து வாங்கினால் பணம் வீணாகலாம்.

கெட்டித்தன்மையை அளக்கும் முறை

1906-ம் ஆண்டில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த காப்ரியேல் யாங்கா என்பவர் ஒரு முறையை வகுத்தார். 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு பாதியளவு மரத்தில் புதைய எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அளப்பதே அம்முறை. தேக்குக்கு ஏறத்தாழ 485 கிலோ தேவை. ஈட்டி மரத்துக்கு சுமார் 1,100 கிலோ. மாமரத்துக்கோ கிட்டத்தட்ட தேக்கின் அளவேதான்!

அப்படியானால் மாம்பலகையும் தேக்கும் ஒன்றா? இல்லை. மாம்பலகையைக் கறையானும் உளுக்கும் வண்டும் எளிதில் தாக்கும். ஈரம் பட்டால் மக்கும். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையான எண்ணெய்ப் பொருள்கள் இருப்பதால் கறையான் எளிதில் அண்டாது. அது உலரும்போது சுருங்குவதும் குறைவு. எனவே பலகைகளுக்கிடையே சந்து விழாது.

நம் தோட்டத்து மரங்கள்

கருவேலம் தேக்கைவிடக் கெட்டியானது. கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் உகந்தது. ஆனால் சரியாக உலர்த்தாவிட்டால் வெடிக்கும். துளை போடாமல் ஆணி அடித்தால் பிளக்கும்.

வேம்பு தேக்கைவிடச் சற்றுக் கனமானது. நன்கு முற்றிய வேம்பின் வைரத்தைப் பூச்சி எளிதில் தாக்காது. சொந்தத்தில் முற்றிய வேம்பு இருந்தால், அதை விறகு விலைக்கு விற்றுவிட்டுப் பலகை வாங்கவேண்டியதில்லை.

பலா நடுத்தரக் கெட்டி, நீடித்து உழைக்கும். தென்னை, பனை இரண்டிலும் தண்டின் வெளிப்புறமே கெட்டி. நடுப்பகுதி மிருது, அதைப் பலகைக்கு எடுக்கக் கூடாது. இலவம் மச்சுக்கு உதவாது.

வைரத்தைப் பாருங்கள்

தேக்கு என்ற பெயருக்கு மட்டும் விலை கொடுக்காதீர்கள். இளம் மரங்களில் வெளிப்புற வெள்ளைப் பகுதி மிகுதி; வைரம் குறைவு. வெள்ளைப் பகுதியை, தேக்கானாலும், பூச்சி தாக்கும். சாயம் பூசிய பலகையில் வெள்ளை தெரியாது. எனவே, ஒரு மூலையை இழைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இரு வகைப் பலகைத் துண்டுகளை இழைத்து, சிமெண்ட் தரையில் வையுங்கள். ஒரே இரும்புக் குண்டை மார்பு உயரத்திலிருந்து ஒவ்வொன்றின் மீதும் போடுங்கள். எதில் பள்ளம் சிறியதோ அதுவே கெட்டி. துண்டுகள் இரண்டும் நன்கு உலர்ந்தவையாக இருக்கவேண்டும். பச்சை மரம் மிருதுவாகவே தெரியும்.

உலர்த்துவது அவசியம்

எந்த மரமானாலும் பச்சையாகப் பொருத்தக் கூடாது. அறுத்த பலகைகளை நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர் வைத்து அடுக்குங்கள். முனைகளில் பெயிண்ட் பூசினால் வெடிப்பு குறையும். ஒரு பலகையை வாரம் ஒருமுறை எடை போட்டு வாருங்கள். எடை குறைவது நின்றால் பலகை உலர்ந்துவிட்டது என்று பொருள். ஓர் அங்குலப் பலகைக்குச் சில மாதங்கள் ஆகலாம். ஆகவே, வீட்டு வேலை தொடங்குமுன்பே மரத்தை அறுத்துவிட வேண்டும்.

சொந்த மரமானாலும், வெட்டுமுன் அனுமதி தேவையா என்று வனத்துறை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மர வகைகள் பற்றிய ஐயங்களுக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியை அணுகலாம்.

கெட்டி, வைரம், உலர்வு ஆகிய மூன்றையும் பார்த்து வாங்கிய பலகை, உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளுக்கும் உழைக்கும்.