புள்ளிக்கு விலை என்ன?



சின்னாட்களுக்கு முன் என் வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது. என் கடன் அட்டைக் கணக்கில் 4,000 புள்ளிகள் சேர்ந்துள்ளன என்றும், அவற்றைக் கொடுத்து இணையத்தில் வேண்டிய பொருளைப் பெறலாம் என்றும் அதில் கண்டிருந்தது. அதைப் படித்த என் மனைவியார், "இத்தனை ஆண்டு பிள்ளைகளுக்கு நீங்கள் மதிப்பெண் போட்டீர்கள்; இப்போது வங்கி உங்களுக்குப் போடுகிறது" என்று நகைத்தார்.

மதிப்பெண்ணாயின், நூற்றுக்கு எத்தனை என்று கேட்டுவிடலாம். இந்த 4,000 எத்தனைக்கு எத்தனை? கிரெடிட் கார்டு வைத்திருப்போர் பலரும் இதைக் கேட்பதில்லை. எண் பெரிதாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, வங்கி காட்டும் பொருட்பட்டியலில் ஒன்றைத் தெரிந்தெடுத்துக்கொண்டு அமைதியடைகின்றனர். இப்படிப் புள்ளியைப் பொருளாக மாற்றுவது பயனுடையதுதானா என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன்.

முதலில், இப்புள்ளி எங்கிருந்து வருகிறது? அட்டையைக் காட்டி நாம் 100 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், கடைக்காரர் கைக்கு 100 ரூபாயும் போய்ச் சேர்வதில்லை. ஏறத்தாழ இரண்டு ரூபாயை வங்கிகளும் அட்டை நிறுவனமும் இடைநிற்கும் ஏனையோரும் பகிர்ந்துகொள்கின்றனர். அதிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்குத்தான் நமக்குப் புள்ளியாகத் திரும்புகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக நேரே பணம் செலுத்தும்போது, 2020 சனவரி முதல் கடைக்காரரிடம் இத்தகைய கட்டணம் பிடிப்பதில்லை. ஆதலின் அங்கே புள்ளி என்ற பேச்சும் பெரும்பாலும் எழுவதில்லை. நம் குபேர் அங்காடியில் காய்கறி வாங்கினால் கையில் திணிக்கும் கறிவேப்பிலையைக் கொசுறு என்கிறோம். அதன் விலை காய்கறியின் விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதை அறியாத இல்லத்தரசி இல்லை. புள்ளியும் அவ்வாறே. விலையோடு கொடுத்துவிட்ட கொசுறைப் பெறாமல் வருவது நட்டம். கொசுறுக்காகவே இன்னும் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்குவது அதனினும் பெரிய நட்டம்.

இனி விலைக்கு வருவோம். புதுவை மக்களுக்கு நாணய மாற்று புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே ஒரு ரூபாய்க்கு எட்டுப் பணம் என்று கணக்கு வழங்கியது. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்ற 'சொல்தா' குடும்பங்கள் முன்னாளில் பிராங்குக்கும், 2002-க்குப் பின் யூரோவுக்கும் அன்றைய வீதம் என்ன என்று கேட்ட பிறகே பணத்தை மாற்றுவர். எத்தனை யூரோ என்பதோடு, அது எத்தனை ரூபாய் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். புள்ளியும் ஓர் அயல்நாட்டு நாணயம் என்றே கொள்ளுங்கள். ஆனால் இந்நாணயத்தை அச்சிடுபவர், அதன் வீதத்தை வகுப்பவர், மாற்றித் தருபவர் ஆகிய மூவரும் ஒருவரே!

என் அட்டையில் 100 ரூபாய்ச் செலவுக்கு ஒரு புள்ளி. ஆகவே 4,000 புள்ளி சேர இரண்டாண்டில் நான்கு லட்ச ரூபாய் செலவழித்திருக்கிறேன். அரிசியும் மருந்தும் மின்கட்டணமும் சேர்ந்து அவ்வளவு ஆயிற்று. வங்கியின் பட்டியலில் 4,000 புள்ளிக்கு ஒரு மின்கெண்டி இருந்தது. நேரு வீதியில் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் சென்று அதே கெண்டியின் விலையைக் கேட்டேன். "ஐயாவுக்கு 780 ரூபாய்" என்றார். வங்கியோ புள்ளியை மாற்றித் தருவதற்கு 99 ரூபாய் கட்டணமும், அதன்மேல் 18 விழுக்காடு வரியும், ஆக 116 ரூபாய் 82 காசு கேட்டது. 780-இலிருந்து அதைக் கழித்தால் 663 ரூபாய் 18 காசு. நாலாயிரத்தால் வகுத்துப் பாருங்கள். புள்ளி ஒன்றுக்குப் பதினாறரைக் காசு.

அடுத்து, இணையக் கடை ஒன்றின் பரிசுச் சீட்டு. அதற்குப் புள்ளி ஒன்றுக்கு 25 காசு வீதம் 1,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். முன்சொன்ன கட்டணம் போக 883 ரூபாய். அதாவது 22 காசு. மூன்றாவது வழி, அட்டையின் மாதப் பட்டியலிலேயே கழித்துக்கொள்வது. அதற்கு 20 காசுதான் வீதம். எனினும் கட்டணம் கிடையாது. 800 ரூபாய் முழுதாகக் கழியும். ஒரே புள்ளி, ஒரே வங்கி, மூன்று விலை. இவ்வீதங்கள் அட்டைக்கு அட்டை வேறுபடும். கணக்கிடும் முறை ஒன்றே. பெறும் பொருளுக்கு வெளியில் என்ன விலை என்று கேட்டு, கட்டணத்தைக் கழித்து, புள்ளிகளின் எண்ணால் வகுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். நம்மில் பலர் ஐந்தாம் வகுப்போடு வகுத்தலை விட்டுவிட்டோம்.

பரிசுச் சீட்டு இரண்டு காசு மிகுதியாகத் தருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அச்சீட்டு அக்கடை ஒன்றில் மட்டுமே செல்லும். 1,000 ரூபாய்ச் சீட்டோடு உள்ளே நுழைந்தவர் 1,480 ரூபாய்ப் பொருளோடு வெளிவருவதே வழக்கம். வேண்டிய பொருள் முன்னரே மனத்தில் உறுதியாகி, அதன் விலையும் வெளியிற் காட்டிலும் ஏறாதிருந்தால் சீட்டைப் பெறலாம். மேலும், கட்டணம் புள்ளியின் அளவைப் பார்ப்பதில்லை. ஆயிரம் புள்ளியை மட்டும் சீட்டாக மாற்றினால் 250 ரூபாயில் ஏறத்தாழப் பாதி கட்டணத்திற்கே போய்விடும்.

அங்ஙனமாயின் சேர்த்து வைத்துப் பிறகு மாற்றலாமே? அதிலும் ஓர் இடர் உண்டு. பல அட்டைகளில் புள்ளிக்கு இரண்டாண்டே ஆயுள். ஆயுள் முடியுமுன் வீதமும் மாறக்கூடும். ஆக்சிஸ் வங்கியின் மாக்னஸ் அட்டையில் ஐந்து புள்ளிகளை விமானப் பயணக் கணக்கிற்கு நான்கு மைல்களாக மாற்றும் வசதி இருந்தது. 2023 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அது ஐந்துக்கு இரண்டாயிற்று. இரவு படுக்கும்போது இருந்த செல்வம் காலையில் பாதியாயிற்று!

அமெரிக்காவில் 1896-இல் ஸ்பெரி - ஹட்சின்சன் நிறுவனம், பொருள் வாங்குவோருக்குக் கடைகள் வழங்கும் வணிக வில்லைகளைத் தொடங்கிற்று. வில்லைகளைப் புத்தகத்தில் ஒட்டி, நிறைந்ததும் பரிசுப் பொருள் பெறுவர். நம் புள்ளிக்கு அவ்வில்லையே பாட்டன். இவ்வழக்கம் பிரிட்டனில் பெருகியபோது, 1964-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வில்லையின்மேலும் அதன் பணமதிப்பை அச்சிடச் செய்தது; குறித்த அளவு சேர்ந்தால் பொருளுக்குப் பதில் பணமே கேட்கும் உரிமையையும் தந்தது. நம் கணக்கிலோ 4,000 என்ற எண் மட்டும் தெரிகிறது. அதன் பணமதிப்பு விதிகளின் உள்ளே எங்கோ கிடக்கிறது. இங்கும் எண்ணுக்கு அருகே ரூபாயை எழுதச் செய்தால் என்னைப் போன்ற முதியோர்க்குப் பேருதவியாக இருக்கும்.

புள்ளியின் பயன் முழுவதையும் ஒரே மாதத்தில் அழிக்கவல்லது வட்டி. 10,000 ரூபாய்ப் பட்டியலுக்கு என் அட்டையில் கிடைப்பது 100 புள்ளி. சீட்டின் வீதப்படி 25 ரூபாய். அப்பட்டியலை உரிய நாளில் செலுத்தாது விட்டால், மாதம் மூன்றரை விழுக்காடு வீதம் வட்டி 350 ரூபாய். அதற்கு வரி 63 ரூபாய். குறைந்த அளவுத் தொகையை மட்டும் கட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவோரும் இவ்வட்டிக்குத் தப்புவதில்லை. மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டவியலாதவர் புள்ளியை மறந்து, கடனை முதலில் தீர்ப்பாராக.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். "உங்கள் புள்ளிகள் இன்றோடு காலாவதியாகின்றன, உடனே இச்செயலியை இறக்கிக்கொள்க" என்று ஓர் இணைப்போடு செய்திகள் உலவுகின்றன. ஸ்டேட் வங்கியின் பெயரால் இத்தகைய செய்திகள் பரவியபோது, 2024-இல் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அவை பொய் என்று எச்சரித்தது. புள்ளியின் ஆசையால் அதைத் தொட்டவர் சேமிப்பையே இழக்க நேரிடும். அங்ஙனம் நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அக்கணமே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். புள்ளியின் இருப்பை அறிய விரும்பினால், அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணையோ வங்கியின் சொந்தத் தளத்தையோ நாமே நாடலாம்.

நான் மூன்றாவது வழியையே தெரிந்தெடுத்தேன். அடுத்த மாதப் பட்டியலில் 800 ரூபாய் கழிந்திருந்தது. "அந்தப் பணத்தில் கெண்டியை எடுத்துப் போங்கள் ஐயா, இருபது ரூபாய் மிச்சம்" என்றார் என் மாணவர். வாங்கவில்லை. வீட்டில் உள்ள பழைய கெண்டி இன்னும் நன்றாகவே கொதிக்கிறது.