உழைக்கும் தாயும் வளரும் பிள்ளையும்

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரைப் பகுதியான பண்டார் பாரு மாவட்டத்தில் அமைந்துள்ள செர்டாங்கில், தாய் வேலைக்குச் செல்வது புதுமையன்று. நகரத்துப் பெண்கள் அலுவலகம் செல்லத் தொடங்கியதைப் பெரிய மாற்றமாகப் பேசுவோர் உண்டு. ஆனால் நம் பாட்டிமார்களும் அவர்தம் தாய்மார்களும் கூலி வேலைக்குச் சென்றுகொண்டே பிள்ளைகளை வளர்த்தவர்கள். ஆதலால், வேலையையும் பிள்ளை வளர்ப்பையும் ஒருங்கே சுமப்பதால் உண்டாகும் மன உளைச்சல் நம் சமுதாயத்திற்குப் பழைய நோய். அதைப் பேசும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

இரப்பர் மரப்பட்டையில் உள்ள பாற்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி வெளியேறுவதால் அவ்வழுத்தம் தணிந்து, பால் விரைவில் நின்றுவிடும். எனவே பால் வெட்டுவோர் இருள் பிரியுமுன்னரே எழவேண்டியதாயிற்று. பெண்கள் அதற்கும் முன்னதாக எழுந்து, அடுப்பு மூட்டிச் சோறாக்கி, உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடினார்கள். மரத்தின் இயல்பு குடும்பத்தின் கடிகாரத்தையே வகுத்துவிட்டது எனலாம்.

அக்குழந்தைகள் சென்று சேர்ந்த இடம் ஆயாக் கொட்டகை. உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். காட்டு வேலைக்குப் போக இயலாத வயதுடைய ஆயா ஒருவர். தரையில் தவழும் பிள்ளைகள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இதையே பிள்ளைக் காம்பரா என்று அழைத்தனர். இக்கொட்டகையை நினைத்து இன்று உருகுவோர் பலர். அதன் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே ஆயாவிடம் பல பிள்ளைகள் விடப்பட்டனர். அவருக்குப் பயிற்சி ஏதும் அளிக்கப்படவில்லை. நிருவாகம் அதனைக் கருணையால் மட்டும் கட்டவுமில்லை. கொட்டகை இல்லையேல் தாய்மாரின் கைகள் வேலைக்குக் கிடைத்திரா. எனினும் அதில் ஒரு பெரும் நன்மை இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் தோட்டத்தின் செலவே என்னும் கொள்கை அங்கு நடைமுறையில் இருந்தது. தாய் வீடு திரும்பும் வழியிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு பின்னர் மெல்லக் குலைந்தது. 1972ஆம் ஆண்டு பினாங்கு பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிக வட்டாரம் தொடங்கியது. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பெற்றது. தோட்டத்துப் பெண்களில் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். பால் வெட்டு பிற்பகலுக்குள் முடிந்துவிடும். ஆலையின் சுற்று முறை வேலையோ இரவையும் பகலையும் மாற்றி மாற்றி விழுங்குவது. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்களை ஆலையிலும் தோட்டத்திலும் வேலை வாங்கலாகாது என 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் விதி இருந்தது. ஆலைகள் அதற்கு விலக்குப் பெற்று இயங்கின. 2023இல் அவ்விதியே நீங்கிற்று. மேலும், லயத்தில் அடுத்த வீட்டில் இருந்த பாட்டி, தாமான் வீட்டில் இல்லை.

1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் தஸ்காக்களுக்கு நல்ல விதிகளை வகுத்துள்ளது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நால்வரோ அதற்கு மேலோ இருப்பின் பதிவு தேவை. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்குப் பராமரிப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். விதி நல்லதே. ஆனால் மூவருக்கு ஒருவர் என்றால், அவ்வொருவரின் ஊதியத்தை மூன்று குடும்பங்கள் ஏற்கவேண்டும் என்பது எளிய கணக்கு. குறைந்த ஊதியம் பெறும் தாய்க்கு அது எட்டாது.

எட்டாதபோது என்ன நேர்கிறது? வீட்டின் மூத்த பெண் அன்று பள்ளிக்கு வருவதில்லை. தம்பிக்குக் காய்ச்சல், அம்மாவுக்குப் பகல் வேலை, ஆகவே நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி பத்து வயதில் ஆயாவாகிவிடுகிறாள். வருகைப் பதிவேட்டில் அது ஒரு சிறு குறி. அக்குறிகள் சேரச் சேர, அவள் கணக்கில் பின்தங்கி, பின்னர் கேள்வி கேட்கவும் நாணி ஒதுங்குகிறாள். தாயின் நெருக்கடி மகளின் கல்வியில் கழிக்கப்படுவதே இதில் மிகக் கொடிது.

மற்றொன்று உறக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள்தோறும் 9 முதல் 12 மணி நேரம் உறக்கம் தேவை என்பது மருத்துவர் கருத்து. இரவு பத்து மணிக்குத் திரும்பும் தாயின் முகம் காண விழித்திருக்கும் பிள்ளை, காலையில் வகுப்பில் கண் சொருகுகிறான். அவனைச் சோம்பேறி என்பது எளிது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பிள்ளையின் பசியோடு தாயின் காலை நேரப் பதற்றத்தையும் அது தணிக்கிறது. நம் நாட்டினரும் ஆராயத்தக்கது அது.

தந்தையரைப் பற்றியும் ஒரு சொல். “வீட்டு வேலையில் நான் உதவி செய்கிறேன்” என்று பெருமைப்படும் தந்தையர் உளர். உதவி என்ற சொல்லே, அவ்வேலை பிறருடையது என்று ஒப்புக்கொள்வதாகும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு இரவு வேலை முடித்துக் கண் எரிய வருபவர் பெரும்பாலும் அன்னையே. வாரத்தில் இரு மாலை வீட்டுப்பாடத்தைத் தந்தை பார்த்தால், தாய் அந்நேரம் படுத்து உறங்கலாம். ஓய்வின்றி நீளும் உளைச்சல் தூக்கத்தையும் பொறுமையையும் கெடுக்கிறது. அவ்வேளையில் எழும் சினம் எதிரில் நிற்கும் குழந்தையின் மேல்தான் விழுகிறது.

சட்டம் ஓரளவு முன்னேறியுள்ளது. பேறுகால விடுப்பு 60 நாளாக இருந்தது 2023 சனவரி முதல் நாள் முதல் 98 நாளாயிற்று. மணமான தந்தைக்கும் 7 நாள் விடுப்பு உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே புகட்டுமாறு உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதை எண்ணினால் 98 நாளும் போதா. அதே திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றியமைக்குமாறு தொழிலாளி எழுத்து வடிவில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே விடையளிக்கவேண்டும். மறுத்தால் காரணம் கூறவேண்டும். அவ்விண்ணப்பத்தை மலாய் மொழியில் எழுதத் தயங்கும் பெற்றோர், வகுப்பாசிரியரை அணுகிக் கேட்கலாம். ஒரு பக்கத்திற்குள் அடங்கும் கடிதம்தான் அது.